கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறவர்கள் ஏன் முடிப்பதில்லை, எது அவர்களை முடிக்க வைக்கிறது?

மாலைவகுப்பு எழுதியது:

வேறொரு இழையில் ஒரு நண்பர், கம்யூனிட்டி காலேஜில் (அமெரிக்காவில் இரண்டு ஆண்டுப் பட்டம் தரும் அரசுக் கல்லூரி, அங்கிருந்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம்) சேர்கிறவர்களில் பாதிப் பேருக்குப் படிப்பில் அக்கறையே இல்லை, அதனால்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் அந்த இழை திசைமாறும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். நான் ஒஹாயோவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் அட்வைசராக, அதாவது மாணவர்களுக்குப் படிப்பில் வழிகாட்டுகிறவராக, இருக்கிறேன். பெரும்பாலும் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள்தான் என்னிடம் வருவார்கள்.

நம் ஆட்களுக்குக் கல்லூரி மாணவர் என்றால் பதினெட்டு வயது, ஹாஸ்டல், அப்பா கட்டும் ஃபீஸ் என்றுதான் மனதில் வரும். என் எதிரே உட்காருகிறவர்கள் வேறு. முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கிற இரண்டு பிள்ளைகளின் தாய், ராணுவத்திலிருந்து திரும்பியவர், கிடங்கில் பெட்டி தூக்குகிறவர், சோமாலியாவிலிருந்து அகதியாக வந்து இப்போதுதான் ஆங்கில வகுப்பைத் தாண்டியவர், தன் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழைந்த கறுப்பின இளைஞர். வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி இரவு எட்டு மணிக்கு வகுப்பில் வந்து உட்காருகிறவரைப் பார்த்து அக்கறை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இவர்களில் பலர் பரீட்சை வரைக்கும் போவதே இல்லை. செமஸ்டர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். கார் பழுதாகிவிட்டது, மானேஜர் ஷிஃப்டை மாற்றிவிட்டார், குழந்தையைப் பார்த்துக்கொண்ட பாட்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இப்படி ஏதோ ஒன்று. சரி, ஒரு செமஸ்டர் போனால் போகட்டும், அடுத்ததில் வரலாமே என்று நமக்குத் தோன்றும். பணம் எப்படி நகர்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். மத்திய அரசின் பெல் கிராண்ட், அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்குத் திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை, 2024-25இல் அதிகபட்சம் 7,395 டாலர். செமஸ்டரில் 60 சதவீத நாட்கள் முடிவதற்குள் எல்லா வகுப்புகளையும் விட்டு வெளியேறினால், எத்தனை நாள் படித்தீர்களோ அந்த அளவுக்குத்தான் அந்தப் பணம் உங்களுடையது. மீதியைக் கல்லூரி அரசுக்குத் திருப்பிக் கட்டிவிட்டு, அதே தொகைக்கு மாணவர் பெயரில் பில் போடும். ஏற்கெனவே கார் ரிப்பேருக்கே காசு இல்லாமல் நின்றவருக்கு இப்போது கல்லூரியிடம் ஆயிரத்துச் சொச்சம் டாலர் கடன். கடன் இருந்தால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாது. பல இடங்களில் டிரான்ஸ்கிரிப்டும், அதாவது மதிப்பெண் பட்டியலும், தர மாட்டார்கள், ஆகவே வேறு கல்லூரிக்கும் போக வழியில்லை. 2024 ஜூலையில் வந்த மத்திய அரசு விதி, கட்டணம் முழுதாகக் கட்டப்பட்ட செமஸ்டர்களின் கிரெடிட்டையாவது (முடித்த வகுப்புக்குப் பட்டக் கணக்கில் சேரும் புள்ளி) டிரான்ஸ்கிரிப்டில் தந்தாக வேண்டும் என்கிறது. நல்ல விதிதான், ஆனால் அதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டவர்களுக்கு இதை யார் போய்ச் சொன்னார்கள்?

போதாததற்கு, எடுத்த கிரெடிட்டுகளில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டும், ஜிபிஏ, அதாவது நான்குக்கு எடுத்த சராசரி மதிப்பெண், 2.0க்குக் குறையக் கூடாது, இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும். ஒரு மோசமான செமஸ்டர் போதும், அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடலாம்.

என் கருத்து இதுதான்: முழுநேரம் படிக்கிற, வேலைக்குப் போகாத, பிள்ளைகுட்டி இல்லாத ஒருவருக்காகப் போட்ட அமைப்பில் மற்ற எல்லோரையும் திணித்துவிட்டு, அவர்கள் தடுக்கி விழுந்தால் அவர்களையே குறை சொல்கிறோம். உங்கள் ஊரில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்த்தவர்கள் எழுதுங்கள்.

குயின்ஸ்வாசி எழுதியது:

நல்ல இழை. நியூயார்க்கில் இருக்கிறேன், அதனால் அசாப் திட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமான கியூனி 2007இல் தன் கம்யூனிட்டி காலேஜ்களில் தொடங்கியது. சேர்கிறவர் முழுநேரம் படிக்க வேண்டும். பதிலுக்கு, உதவித்தொகை போக மிச்சம் இருக்கிற ஃபீஸைத் திட்டம் கட்டும், புத்தகச் செலவுக்கு உதவும், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பயண அட்டை (முன்பு மெட்ரோகார்டு) மாதா மாதம் இலவசம். பயண அட்டை சின்ன விஷயம் என்று தோன்றும். ஆனால் அதை வாங்க அட்வைசரிடம் வந்தாக வேண்டும், வந்தால் பேச வேண்டும், பேசினால் பிரச்சினை முளையிலேயே தெரிந்துவிடும். மொத்தத் திட்டத்திலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் இதைக் குலுக்கல் முறையில் சோதித்தது. ஏறத்தாழ 900 மாணவர்கள், எல்லோரும் குறைந்த வருமானக்காரர்கள், கணக்கிலோ ஆங்கிலத்திலோ அடிப்படை வகுப்பு தேவை என்று சொல்லப்பட்டவர்கள். பாதிப் பேருக்கு அசாப், பாதிப் பேருக்கு வழக்கமான உதவி. மூன்று ஆண்டு முடிவில் அசாப் பக்கம் பட்டம் வாங்கியவர்கள் 40 சதவீதம், மற்ற பக்கம் 22. நியூயார்க் மாதிரி ஊரில் மட்டும்தான் இது நடக்கும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பிறகு உங்கள் ஒஹாயோவிலேயே சின்சினாட்டி ஸ்டேட், கயஹோகா, லொரைன் கவுன்டி ஆகிய மூன்று கல்லூரிகளில் அதே மாதிரி செய்து பார்த்தார்கள், திட்டத்தில் இருந்தவர்களில் 35 சதவீதம், மற்ற பக்கம் 19.

ஒரே கூட்டத்திலிருந்து குலுக்கல் போட்டுப் பிரித்த ஆட்கள் இவர்கள். ஒரு பக்கம் அக்கறை உள்ளவர்கள், இன்னொரு பக்கம் அக்கறை இல்லாதவர்கள் என்று பிரிக்கவில்லை. அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம். அந்த இன்னொரு இழை நண்பருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

வரிசெலுத்துபவன் எழுதியது:

அந்த நண்பர் நான்தான். மரியாதையாக எழுதியதற்கு நன்றி. என் கேள்வி பணத்தைப் பற்றியது. ஃபீஸ், புத்தகம், பஸ், தனி அட்வைசர் என்று எல்லாம் கொடுத்தும் மூன்று ஆண்டில் 100க்கு 60 பேர் முடிக்கவில்லையே. இதற்கு ஆன செலவு என்ன? என் வரிப்பணம், அதனால் கேட்க உரிமை உண்டு.

குயின்ஸ்வாசி எழுதியது:

உரிமை இருக்கிறது, பதிலும் இருக்கிறது. மூன்று ஆண்டில் ஒரு மாணவருக்கு ஏறத்தாழ 16,300 டாலர் கூடுதலாக ஆனது. ஆனால் மொத்தச் செலவை வாங்கிய பட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு அசாப் பக்கத்தில்தான் குறைவு, ஏறக்குறைய 11 சதவீதம் குறைவு. வழக்கமான முறையிலும் வரிப்பணம்தானே போகிறது? ஒரு ஆண்டு, ஒன்றரை ஆண்டு படித்துவிட்டு எந்தச் சான்றிதழும் இல்லாமல் போகிறவருக்காகச் செலவான பணத்தை யாரும் வீண் என்று எழுதி வைப்பதில்லை, அதனால் அது கண்ணில் படுவதில்லை.

டெக்சாஸ்அம்மா எழுதியது:

குயின்ஸ்வாசி சொல்வது எல்லாம் சரி, ஆனால் ஒரு இடத்தில் எனக்கு மனசு ஆறவில்லை. அசாப்பில் முழுநேரம் படித்தாக வேண்டும். செமஸ்டருக்கு 12 கிரெடிட். என்னைப் போல ஒருத்தியால் அது முடியாது.

எச்-4 விசாவில், அதாவது வேலை விசாக்காரரின் மனைவியாக, வந்தவள் நான். எச்-4இல் படிக்கலாம், ஆனால் மத்திய அரசு உதவித்தொகை கிடையாது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் பெல் கிராண்டுக்கு விண்ணப்பிக்கவே முடிந்தது. ஊரில் பி.எஸ்சி. வேதியியல் படித்திருந்தும் இங்கே ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்புக்கு முதலிலிருந்து வர வேண்டியிருந்தது. பகுதி நேர வேலை, இரண்டு பிள்ளைகள், ஒரு செமஸ்டருக்கு இரண்டு வகுப்பு. என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான். பக்கத்தில் உட்காருகிறவர் மெக்சிகோ குடும்பம், இங்கேயே பிறந்தவர், அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க வேண்டும் என்று மாதம் ஒரு வகுப்பாவது போய்விடும். அதை விடுமுறைக் காரணமாக சிலபஸில் எந்த ஆசிரியரும் எழுதி வைப்பதில்லை.

எங்கள் கல்லூரியில் குழந்தைகள் காப்பகம் இருந்தது. மாலை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். மாலை வகுப்பு ஆறு மணிக்கு. யாருக்காக அதைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2015-16 கணக்குப்படி அமெரிக்காவில் இளங்கலை படிக்கிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் குழந்தை வைத்திருப்பவர்கள், கிட்டத்தட்ட 38 லட்சம் பேர். மாணவப் பெற்றோருக்கான குழந்தைக் காப்பகத்துக்கென்றே மத்திய அரசு மானியம் ஒன்று 1998இல் சட்டமாகி நடக்கிறது. ஆனால் அது எல்லாக் கல்லூரிக்கும் போவதில்லை, கிடைக்கிற இடத்திலும் எல்லோருக்கும் இடம் இருப்பதில்லை.

எனக்கு உண்மையில் உதவியது எட்டு வாரப் பருவம். 16 வாரம் இரண்டு வகுப்பை ஒன்றாக இழுப்பதற்குப் பதில், எட்டு வாரத்துக்கு ஒரு வகுப்பு, அது முடிந்ததும் அடுத்தது. கிரெடிட் கணக்கு ஒன்றுதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பாடம், ஒரு சிலபஸ், ஒரு பரீட்சைத் தேதி. நடுவில் வீட்டில் ஏதாவது ஆகிவிட்டாலும் முதல் எட்டு வாரத்தில் முடித்த வகுப்பு கையில் நிற்கும். டெக்சாஸில் ஒடெசா கல்லூரி 2014 முதல் இப்படி மாற்றியது, அமரில்லோ கல்லூரியும் மாற்றியது. அமரில்லோ இன்னும் ஒரு படி போய், வீட்டு வாடகை, சாப்பாடு, கரண்ட் பில் என்று எந்தப் பிரச்சினையானாலும் மாணவர் ஒரே இடத்தில் போய்ச் சொல்லும்படி உதவி மையம் ஒன்றை வளாகத்தின் நடுவிலேயே வைத்தது. 2023இல் கம்யூனிட்டி காலேஜ்களுக்கான ஆஸ்பென் பரிசு வாங்கிய இரண்டு கல்லூரிகளில் அதுவும் ஒன்று.

மாலைவகுப்பு எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன காப்பக நேரம் ஒன்றே போதும், இந்த இழைக்கு வேறு தலைப்பு வேண்டாம். காப்பகம் மட்டும் இல்லை, நிதி உதவி அலுவலகம், நூலகம், டியூட்டரிங் எல்லாமே பல கல்லூரிகளில் ஐந்து மணியோடு சரி. மாலையில் வருகிறவருக்கு வகுப்பறையும் பார்க்கிங்கும் மட்டும்தான் திறந்திருக்கும். எங்கள் துறையில் வாரத்தில் இரண்டு நாள் இரவு எட்டரை வரை ஆள் இருக்க வேண்டும் என்று மாற்றினோம். புதுக் கட்டடம் வேண்டாம், பெரிய மானியம் வேண்டாம். காலையில் வருகிறவர் இருவரை மதியம் வரச் சொன்னது மட்டும்தான். மாலை வகுப்புக்காரர்கள் படிவம் நிரப்புவதற்காக வேலைக்கு லீவு போடுவது அதனால் குறைந்தது.

அசாப்பில் பகுதி நேரக்காரருக்கு இடம் இல்லை என்பது உண்மைதான், அதைச் சொல்லாமல் பாராட்டுவது சரியில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒரு அட்வைசருக்கு எத்தனை மாணவர் என்பது. எம்.டி.ஆர்.சி. ஆய்வு நடந்தபோது அசாப்பில் ஒருவருக்கு 60 முதல் 80 பேர். வழக்கமான கம்யூனிட்டி காலேஜில் பல நூறு பேர், சில இடங்களில் ஆயிரத்துக்கு மேல். ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்ள முடியாது. பெயர்கூட நினைவில் நிற்காது.

கணக்குவாத்தியார் எழுதியது:

காப்பகம், பஸ், அட்வைசர் எல்லாம் பேசியாகிவிட்டது. வகுப்பறைக்குள் நடப்பதை யாரும் பேசவில்லை. கலிபோர்னியாவில் அட்ஜங்க்டாக, அதாவது பகுதி நேர ஆசிரியராக, கணக்கு சொல்லித்தருகிறேன், இரண்டு கல்லூரிகளில்.

முன்பெல்லாம் சேர்ந்த அன்றே ஒரு கம்ப்யூட்டர் தேர்வு வைப்பார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு கணக்கைத் தொடாத ஒருவர், தயாரிப்பு இல்லாமல், இது எதற்கான தேர்வு என்றே தெரியாமல் எழுதுவார். பின்னம் மறந்திருக்கும். அதை வைத்து அவரை மூன்று படி கீழே தள்ளுவார்கள்: முதலில் எண்கணிதம், பிறகு தொடக்க அல்ஜீப்ரா, பிறகு இடைநிலை அல்ஜீப்ரா, அதற்குப் பிறகுதான் கிரெடிட் தரும் வகுப்பு. ஒவ்வொரு படியிலும் 100க்கு 70 பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மோசமான எண் இல்லை. மூன்று படி தாண்டுகையில் மிஞ்சுவது 34 பேர். தேறியவர்கள் எல்லோரும் அடுத்த படிக்குப் பதிவு செய்வதும் இல்லை, அதனால் அந்த 34ம் இன்னும் குறையும். இத்தனைக்கும் இந்த வகுப்புகளுக்கு ஃபீஸ் உண்டு, உதவித்தொகை கரையும், பட்டத்துக்குக் கணக்கில் வராது. இந்தக் கீழ்ப்படிகளில் அதிகம் தள்ளப்பட்டவர்கள் கறுப்பின மாணவர்களும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்களும்.

2017இல் கலிபோர்னியா ஏபி 705 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. தேர்வை விட்டுவிட்டு, ஹைஸ்கூல் மதிப்பெண்ணைப் பார்த்து, ஒரு ஆண்டுக்குள் பல்கலைக்கழக அளவிலான கணக்கையும் ஆங்கிலத்தையும் முடிக்க எந்த வழியில் அதிக வாய்ப்போ அதில் மாணவரைச் சேர்க்க வேண்டும் என்றது. 2019 இலையுதிர் பருவம் முதல் எல்லாக் கல்லூரியிலும் கட்டாயம். 2022இல் ஏபி 1705 அதை இன்னும் இறுக்கியது.

இதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்போடு கூடவே வாரத்தில் இரண்டு மணி நேரத் துணை வகுப்பு வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. சில இடங்களில் அந்தத் துணை வகுப்புக்குத் தனி ஆசிரியர், தனி நேரம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சில இடங்களில் ஆன்லைன் வீடியோ இணைப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு அதையே துணை என்கிறார்கள். வகுப்பில் 40 பேர், அதில் பத்துப் பேருக்கு எதிர்ம எண் கூட்டல் தடுமாறுகிறது, என்னிடம் ஆஃபீஸ் ஹவர்ஸ் வைக்க ஒரு அறைகூட இல்லை, வகுப்பு முடிந்ததும் அடுத்த கல்லூரிக்கு 45 நிமிடம் கார் ஓட்ட வேண்டும். தடையை எடுத்துவிட்டார்கள், கை கொடுக்க ஆள் போடவில்லை. இதில் தோற்கிற மாணவரும் கடைசியில் முடிக்காமல் போனவர்கள் பட்டியலில்தான் இருக்கிறார்.

குயின்ஸ்வாசி எழுதியது:

வாத்தியார் சார், இதற்கு இங்கேயும் ஒரு சோதனை நடந்தது. 2013இல் கியூனியின் மூன்று கம்யூனிட்டி காலேஜ்களில், தொடக்க அல்ஜீப்ரா தேவை என்று சொல்லப்பட்டவர்களைக் குலுக்கலில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அல்ஜீப்ரா. இன்னொரு குழுவை நேரே கல்லூரி அளவு ஸ்டாட்டிஸ்டிக்ஸில் போட்டு வாரம் ஒரு பட்டறை வகுப்பும் வைத்தார்கள். அல்ஜீப்ராவில் தேறியது 39 சதவீதம், ஸ்டாட்டிஸ்டிக்ஸில் 56. மேல் வகுப்பில்தான் அதிகம் பேர் தேறினார்கள். ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி, அங்கே பட்டறை வகுப்பு நிஜமாக நடந்தது, அதற்குத் தனியாக ஒருவர் வந்தார்.

கணக்குவாத்தியார் எழுதியது:

அதேதான். அந்தப் பட்டறை வகுப்புக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று பட்ஜெட் கூட்டத்தில் கேளுங்கள், அறை அமைதியாகிவிடும். நாட்டில் கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களில் பெரும்பான்மை பகுதி நேரக்காரர்கள். மாணவரைத் தாங்கிப் பிடி என்று எங்களிடம் சொல்கிறார்கள், எங்களுக்கே அடுத்த செமஸ்டர் வகுப்பு உண்டா என்று தெரியாது.

வரிசெலுத்துபவன் எழுதியது:

செலவுக் கணக்கு எனக்குத் திருப்தி. ஏழைகளுக்கு, வேலை செய்கிறவர்களுக்கு, பெற்றோருக்கு உதவுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதில் சிறுபான்மை என்று இனத்தை ஏன் கொண்டுவர வேண்டும்? லத்தீனோவுக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று, ஆசியருக்கு ஒன்று என்று தனித்தனித் திட்டம் எதற்கு? வருமானத்தைப் பார்த்தால் போதாதா?

ஃப்ரீமான்ட்செல்வி எழுதியது:

இந்தக் கேள்வி நம் ஆட்களிடம் அடிக்கடி வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து ஊர் ஹேவர்டில் சாபோ கல்லூரியில் 1981இல் புவென்டே என்ற திட்டம் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர்கள் ஃபீலிக்ஸ் கலாவிஸ் என்ற கவுன்சலரும் பேட்ரீஷியா மெக்ராத் என்ற ஆங்கில ஆசிரியையும். மெக்சிகோ அமெரிக்க மாணவர்களில் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்கள் மிகக் குறைவாக இருந்ததைப் பார்த்துத் தொடங்கியது. மூன்றே விஷயம்: ஒரு ஆண்டு முழுக்க ஒரே குழுவாக எழுத்து வகுப்பு, பாடத்தில் லத்தீனோ எழுத்தாளர்களின் படைப்புகளும் இருக்கும், டிரான்ஸ்ஃபர் ஆகும் வரை அதே கவுன்சலர், உள்ளூரில் வேலையில் இருக்கிற ஒருவர் வழிகாட்டியாக. எந்த மாணவரும் சேரலாம், இனம் பார்த்துக் கதவை மூடுவதில்லை. இன்று கலிபோர்னியா முழுக்க நடக்கிறது. கறுப்பின மாணவர்களை மனதில் வைத்து உமோஜா என்ற திட்டம் இதே போல இருக்கிறது.

வருமானம் பார்த்தால் போதாதா என்றால், பணப் பிரச்சினைக்குப் போதும். கலிபோர்னியா 1969லிருந்து ஈ.ஓ.பி.எஸ். என்ற பெயரில் அதைத்தான் செய்கிறது, 1982இல் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அதோடு கேர் என்ற கிளையையும் சேர்த்தது. ஆனால் எல்லாம் பணப் பிரச்சினை இல்லையே. கம்யூனிட்டி காலேஜில் புதிதாகச் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் இளங்கலைப் பட்டம் வரை போக ஆசைப்படுகிறார்கள். ஆறு ஆண்டில் அதை அடைவது 16 சதவீதம்தான், கறுப்பின மாணவர்களில் 9. எந்த வகுப்பின் கிரெடிட் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பது வீட்டில் யாராவது ஏற்கெனவே போயிருந்தால் சாப்பாட்டு மேஜையிலேயே கிடைத்துவிடும் தகவல். நம் வீடுகளில் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பிலேயே அது நடக்கிறது. அது இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும், அந்த ஒருவர் தன் தெருவிலிருந்து போனவராக இருந்தால் இன்னும் காது கொடுப்பார்கள்.

ஆசியருக்கு எதற்குத் திட்டம் என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நம்மையும் சீனர்களையும் வைத்துப் போட்ட சராசரியில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஹ்மாங் (ஒரு மலைவாழ் இனம்), கம்போடிய, லாவோஸ் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். ஃப்ரெஸ்னோவில் ஹ்மாங் குடும்பங்கள் அகதியாக வந்து இறங்கியவர்கள், பெற்றோரில் பலர் பள்ளிக்கே போகாதவர்கள். ஆசிய அமெரிக்க, பசிபிக் தீவு மாணவர்களுக்குச் சேவை செய்யும் கல்லூரிகளுக்கென்று 2007இல் சட்டம் வந்தது, முதல் மானியம் வாங்கிய ஆறு இடங்களில் குப்பர்டினோவின் டி அன்சா கல்லூரியும் ஒன்று. 2025 செப்டம்பரில் கல்வித் துறை இந்த வகை மானியங்களில் பெரும் பகுதியை, லத்தீனோ மாணவர்கள் அதிகம் இருக்கும் கல்லூரிகளுக்கானதையும் சேர்த்து, ஏறத்தாழ 35 கோடி டாலர் அளவுக்கு நிறுத்துவதாக அறிவித்தது. அந்தப் பணத்தில்தான் பல இடங்களில் டியூட்டர், கவுன்சலர் சம்பளம் ஓடியது. அந்த டியூட்டரிடம் போய் உட்கார்ந்தவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள், அதனால் நஷ்டமும் எல்லோருக்கும்தான்.

வரிசெலுத்துபவன் எழுதியது:

புவென்டேயில் யாரும் சேரலாம் என்பது எனக்குப் புதிய தகவல். மானியத்துக்கு இனத்தை அளவுகோலாக வைப்பதில் இன்னும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சாப்பாட்டு மேஜை விஷயம் யோசிக்க வைக்கிறது. என் மகனுக்கு நான் செய்தது அதைத்தான்.

டெக்சாஸ்அம்மா எழுதியது:

செல்வி, நன்றாகச் சொன்னாய். ஒன்று சேர்க்கிறேன். உதவி கேட்பது கேவலம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. கல்லூரியில் இலவச மளிகை அலமாரி இருக்கிறது, போய் எடுக்க வெட்கப்பட்டு பசியோடு லேப் செய்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரியில் அதை ஒரு மூலையிலிருந்து நூலக வாசலுக்கு மாற்றி, பெயர், வருமானம் எதுவும் கேட்காமல் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றதும்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அப்புறம் ஸ்நாப், அந்த உணவு உதவி அட்டை. பாதி நேரமோ அதற்கு மேலோ படிக்கிற 18 முதல் 49 வயதுக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடையாது, ஆனால் வாரம் 20 மணி நேரம் சம்பள வேலை செய்தாலோ, ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தாலோ கேட்கலாம். மாணவர் என்றாலே கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் நிறைய.

புதியவன் எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இது முதல் பதிவு. என்னோடு வேலை செய்கிற ஒருவர், கறுப்பினத்தவர், 41 வயது, 2019இல் நர்சிங் முன்படிப்பைப் பாதியில் விட்டார். கல்லூரிக்கு 1,100 டாலர் பாக்கி. திரும்பப் போக ஆசை, ஆனால் அந்தக் கல்லூரிப் பெயரைக் கேட்டாலே ஒதுங்குகிறார். நான் என்ன சொல்லலாம்? நாங்கள் இருப்பதும் ஒஹாயோதான்.

மாலைவகுப்பு எழுதியது:

நல்ல காரியம் செய்கிறீர்கள் தம்பி. இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள்.

முதலில் கல்லூரியின் கணக்குப் பிரிவில், அட்மிஷனில் வேண்டாம், பாக்கி இன்னும் கல்லூரியிடமே இருக்கிறதா இல்லை வசூல் அலுவலகத்துக்குப் போய்விட்டதா என்று கேட்க வேண்டும். அரசுக் கல்லூரி என்பதால் ஒஹாயோவில் பழைய பாக்கி மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு வசூலுக்குப் போவது வழக்கம், ஆகவே பதில் அங்கேயும் இருக்கலாம். திரும்பி வருகிற மாணவருக்குப் பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள். பல கல்லூரிகளில் இருக்கிறது, கேட்காதவருக்கு யாரும் சொல்வதில்லை. இல்லையென்றால் தவணை கேட்கலாம்.

இரண்டாவது, டிரான்ஸ்கிரிப்ட். ஃபீஸ் முழுதாகக் கட்டிய செமஸ்டர்களின் கிரெடிட் அவருடையது, மேலே சொன்ன 2024 விதியைச் சொல்லிக் கேட்கலாம். உடற்கூறியல், நுண்ணுயிரியல் மாதிரி அறிவியல் வகுப்புகளுக்கு நர்சிங் பிரிவில் ஆண்டு வரம்பு வைத்திருப்பார்கள், ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று இடத்துக்கு இடம் மாறும். எதெல்லாம் இன்னும் செல்லும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, உதவித்தொகைக்கு ஃபாஃப்ஸா படிவம். 24 வயதைத் தாண்டியவர் என்பதால் பெற்றோர் வருமானம் வேண்டாம், அவருடைய வருமானம் மட்டும், திருமணமானவர் என்றால் மனைவியுடையதும். பெல் கிராண்டுக்கு வாழ்நாள் வரம்பு 12 முழு செமஸ்டர், அதில் மீதி எவ்வளவு என்பது அவருடைய மத்திய அரசுக் கணக்கிலேயே தெரியும். பழைய மதிப்பெண்ணால் உதவித்தொகை நின்றிருந்தால் மேல்முறையீட்டுக் கடிதம் கொடுக்கலாம். அதில் நீளமாக வருத்தம் எழுத வேண்டாம். 2019இல் என்ன நடந்தது, அதற்கு ஆதாரம், இப்போது எது மாறியிருக்கிறது, எந்த இரண்டு வகுப்பில் தொடங்கப் போகிறார், இவ்வளவு போதும்.

முதல் தடவை அவர் தனியாகப் போக வேண்டாம், நீங்களும் கூடப் போக முடியுமா பாருங்கள். போவதற்கு முன் மாலையில் அலுவலகம் திறந்திருக்கும் நாள் எது என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரி என்று எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால் அங்கே திரும்பி வரும் மாணவர்களைப் பார்க்கிற பிரிவு எது என்று விசாரித்துச் சொல்கிறேன்.

புதியவன் எழுதியது:

அனுப்பிவிட்டேன். அவருக்கு வியாழக்கிழமை ஷிஃப்ட் இல்லை, அன்றைக்கே போகலாம் என்கிறார். நானும் பாதி நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.